பழைய ஷூட்டிங் கேம்ஸ்: எது உண்மையிலேயே இலவசம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் கேம்ஸ் பற்றிய கேள்விக்கு எப்போதும் முதலிடம்தான். "புது கேம் ஒவ்வொன்றும் ஹார்ட் டிஸ்க்கில் நூறு ஜிபி இடம் கேட்கிறது. தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறது. என்னுடைய சாதாரண லேப்டாப்பில் எது ஓடும்? அதையும் காசு கொடுக்காமல் விளையாட முடியுமா?" என்று கேட்பார்கள்.

முடியும். 1990களில் உலகத்தையே கட்டிப் போட்ட சில ஷூட்டிங் கேம்ஸ் இன்று சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் "இலவசம்" என்ற ஒரே சொல்லுக்கு இங்கே நான்கு அர்த்தங்கள் உள்ளன. அந்த வேறுபாடு தெரியாமல் கூகுளில் தேடி, முதலில் வரும் டவுன்லோட் பட்டனைக் கிளிக் செய்பவர்களின் கம்ப்யூட்டரில் கேமுக்குப் பதிலாக வைரஸ் வந்து குடியேறிவிடும். எனவே முதலில் பாடம், பிறகு விளையாட்டு.

பர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் என்றால் என்ன?

சில விளையாட்டுகளில் நம் கதாபாத்திரம் திரையில் ஓடுவதை நாம் வெளியிலிருந்து பார்க்கிறோம். இந்த வகையில் அப்படி இல்லை. அந்தக் கதாபாத்திரத்தின் கண்ணே நம் திரை. கீழே ஒரு கையும் துப்பாக்கியும் தெரியும், அவ்வளவுதான். திரும்பினால் அறையே திரும்பும். இதைத்தான் பர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் என்கிறார்கள்.

இந்த வகையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாப்ட்வேர் என்னும் சிறிய நிறுவனம். 1992 மே மாதம் அவர்கள் வெளியிட்ட வுல்பன்ஸ்டைன் 3டி நல்ல பெயர் வாங்கியது. 1993 டிசம்பர் 10 அன்று டூம் வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வரில் அந்த பைலை ஏற்றியபோது, காத்திருந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல் சர்வர் திணறிப் போனது. பிறகு 1996ல் குவேக், 1997ல் குவேக் 2, 1999ல் குவேக் 3 அரினா என வரிசையாக வந்தன.

இவற்றில் முதல் சில விளையாட்டுகள் நான் பிறப்பதற்கு முன்பே வந்தவை. என் தாய்மாமா வீட்டில் இருந்த பழைய பென்டியம் கம்ப்யூட்டரில்தான் டூம் எனக்கு அறிமுகம். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கதவு மேலே எழும்பும் அந்த ஓசையும், கதவுக்குப் பின்னால் என்ன நிற்கிறதோ என்ற பயமும் இன்னும் மறக்கவில்லை. பிறகு இன்ஜினியரிங் படித்த காலத்தில் அதே விளையாட்டின் சோர்ஸ் கோடைத் திறந்து படித்தேன். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பைல்கள் காட்சியை வரைபவை, பி என்று தொடங்குபவை விளையாட்டின் விதிகளைக் கவனிப்பவை என்று அத்தனை ஒழுங்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதைப் படிக்க எனக்கு அனுமதி கிடைத்தது எப்படி என்பதில்தான் இந்தப் பாடத்தின் மையமே உள்ளது.

எஞ்சின் வேறு, டேட்டா வேறு

டேப் ரிக்கார்டரையும் கேசட்டையும் நினைத்துக் கொள்ளுங்கள். டேப் ரிக்கார்டருக்குப் பாட்டு தெரியாது. கேசட்டால் தானாகப் பாட முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் இசை.

டூம் விளையாட்டும் இப்படித்தான் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் பகுதி எஞ்சின். காட்சியை வரைவது, சுடும்போது குண்டு எங்கே படுகிறது என்று கணக்கிடுவது, கீ போர்டைக் கவனிப்பது எல்லாம் இதன் வேலை. இது ஒரு இஎக்ஸ்இ பைல். இரண்டாவது பகுதி டேட்டா. வரைபடங்கள், சுவர்களின் படங்கள், அரக்கர்களின் உருவங்கள், இசை, ஒலிகள் எல்லாம் இதில் இருக்கும். இது வாட் என்று முடியும் பைல்.

வுல்பன்ஸ்டைன் வந்தபோதே ரசிகர்கள் அதன் பைல்களைக் குடைந்து, தாங்களே புதிய வரைபடங்களை உருவாக்கத் தொடங்கியிருந்தனர். அதைக் கவனித்த ஜான் கார்மாக் என்ற புரோகிராமர், டூம் எழுதும்போது ரசிகர்களுக்கு வசதியாக டேட்டாவைத் தனி பைலாகவே வைத்துவிட்டார். அந்த முடிவால்தான் 33 வயதை நெருங்கும் இந்த விளையாட்டுக்கு இன்றும் புதிய வரைபடங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

386 பிராசசரும் 4 எம்பி மெமரியும் உள்ள கம்ப்யூட்டரில் இது எப்படி ஓடியது? டூம் முழுமையான 3டி அல்ல. வரைபடம் என்பது மேலிருந்து பார்க்கும் வீட்டு பிளான் போன்றது. கோடுகளே சுவர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தரை உயரம், கூரை உயரம் என்று இரண்டு எண்கள் மட்டும் உண்டு. அதனால் டூமில் மாடிக்கு மேல் மாடி கட்ட முடியாது. அரக்கர்கள் எல்லாரும் தட்டையான படங்கள்தான். எட்டுத் திசைகளிலிருந்து தெரியும் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள்.

இன்னொரு தந்திரமும் உண்டு. வரைபடத்தை முன்கூட்டியே இரண்டு இரண்டாக வெட்டி, கிளை பிரியும் மரம் போல அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் எங்கே நின்றாலும் எந்தச் சுவர் அருகில், எந்தச் சுவர் தூரத்தில் என்பதை அந்த மரம் உடனே சொல்லிவிடும். எஞ்சின் அருகில் உள்ள சுவரை முதலில் வரைகிறது. அது மறைக்கும் இடத்தில் பின்னால் உள்ள சுவரை வரைவதே இல்லை. வீண் வேலை மிச்சம். குறைந்த வசதியில் நிறையச் செய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கள் தொழிலில் அரிது.

நான்கு வகை இலவசம்

1. ஷேர்வேர்: இதில் விளையாட்டின் ஒரு பகுதி மட்டுமே இலவசம். டூமின் முதல் எபிசோடில் உள்ள 9 லெவல்களை யார் வேண்டுமானாலும் நகலெடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நிறுவனமே அனுமதித்தது. பிடித்திருந்தால் மீதியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்த ஷேர்வேர் டேட்டா பைலின் அளவு சுமார் 4 எம்பிதான்.

2. இலவச எஞ்சின்: இட் சாப்ட்வேர் 1997 டிசம்பரில் டூம் எஞ்சினின் சோர்ஸ் கோடை வெளியிட்டது. முதலில் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1999ல் அதை மாற்றி ஜிபிஎல் லைசென்ஸில் கொடுத்தனர். ஜிபிஎல் என்றால், எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் சோர்ஸ் கோடையும் கொடுக்க வேண்டும். 1999 டிசம்பரில் குவேக், 2001ல் குவேக் 2, 2005ல் குவேக் 3 என ஒவ்வொன்றின் எஞ்சினும் இதே வழியில் வெளிவந்தது. டியூக் நியூக்கம் 3டி என்ற வேறொரு நிறுவனத்தின் விளையாட்டும் 2003ல் தன் சோர்ஸ் கோடைத் தந்தது.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இலவசமானது டேப் ரிக்கார்டர் மட்டுமே. கேசட் இன்றும் விற்பனைக்குரிய சரக்கு. டூம், குவேக் விளையாட்டுகளின் முழு டேட்டா இன்றும் ஸ்டீம் போன்ற கடைகளில் காசுக்கு விற்கப்படுகிறது. "பழைய கேம்தானே, யாரும் கேட்க மாட்டார்கள்" என்பது தவறு. அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிறுவனத்தின் படைப்புக்குக் காப்புரிமை 95 ஆண்டுகள். கணக்குப் போட்டால் டூமின் காப்புரிமை 2088ஆம் ஆண்டு முடியும் வரை செல்லும்.

3. பிரீவேர்: இதில் முழு விளையாட்டையும் உரிமையாளரே இலவசமாகத் தருகிறார். வுல்பன்ஸ்டைன்: எனிமி டெரிட்டரி என்ற விளையாட்டு விற்பனைக்காகத்தான் தயாரானது. தனி ஆளாக விளையாடும் பகுதி சரியாக வராததால் அதைக் கைவிட்டு, பலர் சேர்ந்து விளையாடும் பகுதியை 2003ல் இலவசமாகவே வெளியிட்டனர். பங்கி நிறுவனம் 1994 முதல் 1996 வரை ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர்களுக்காக வெளியிட்ட மாரத்தான், மாரத்தான் 2, மாரத்தான் இன்பினிட்டி ஆகிய மூன்றும் 2005ல் முழுமையாக இலவசமாயின. இரண்டாம் பாகத்தின் சோர்ஸ் கோடு 2000லேயே வந்துவிட்டதால், அலெப் ஒன் என்ற எஞ்சின் மூலம் இவற்றை விண்டோஸிலும் விளையாடலாம். 2024ல் ஸ்டீம் கடையிலும் இலவசமாக வைத்தார்கள். கதை பிடித்தவர்களுக்கு மாரத்தான் நல்ல தேர்வு. சுவரில் உள்ள கம்ப்யூட்டர் திரைகளைப் படித்துப் படித்தே கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

4. எல்லாமே சுதந்திரம்: இதில் எஞ்சினும் டேட்டாவும் திறந்த லைசென்ஸில் இருக்கும். டூமின் எஞ்சின் கிடைத்துவிட்டது, கேசட்தான் இல்லை என்ற நிலையில், தன்னார்வலர்கள் 2001ல் பிரீடூம் என்ற திட்டத்தைத் தொடங்கினர். சுவர், துப்பாக்கி, அரக்கர், இசை என எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கினர். டூமின் எஞ்சினில் ஓடும், ஆனால் டூமின் ஒரு படம்கூட இதில் கிடையாது. இன்று நாம் செய்து பார்க்கப் போவது இதைத்தான்.

செய்து பார்ப்போம்

நமக்குத் தேவை இரண்டு: ஒரு எஞ்சின், ஒரு டேட்டா பைல். எஞ்சினுக்கு கிரிஸ்பி டூம் என்பதைத் தேர்ந்தெடுத்துள்ளேன். பழைய விளையாட்டின் உணர்வு மாறாமல், ஆனால் படத்தை இரு மடங்கு தெளிவாகக் காட்டும்.

1. பிரீடூம் திட்டத்தின் இணைய தளத்துக்குச் செல்லவும். முகவரி பிரீடூம் டாட் கிட்ஹப் டாட் ஐஓ. ஆங்கிலத்தில் பிரீடூம் என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக டைப் செய்திடவும். அங்கே டவுன்லோட் பகுதியில் பிரீடூம் ஜிப் பைலை டவுன்லோட் செய்து கொள்ளவும்.

2. கிரிஸ்பி டூம் எஞ்சினை கிட்ஹப் தளத்தில் அதன் சொந்தப் பக்கத்தில், ரிலீசஸ் என்ற பகுதியில் பெறலாம். விண்டோஸுக்கான ஜிப் பைலைத் தேர்ந்தெடுக்கவும்.

3. இரண்டு ஜிப் பைல்களிலும் தனித்தனியே ரைட் கிளிக் செய்து, எக்ஸ்ட்ராக்ட் ஆல் என்பதைக் கிளிக் செய்திடவும். ஜிப் பைலை வெறுமனே திறந்து, உள்ளே இருந்தபடியே புரோகிராமை இயக்க வேண்டாம். துணை பைல்கள் கிடைக்காமல் எர்ரர் செய்தி வரும்.

4. விண்டோஸ் வழக்கமாக பைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைக்கும். விண்டோஸ் 11ல் போல்டரைத் திறந்து, வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் எனச் சென்று டிக் செய்திடவும். இப்போது எது இஎக்ஸ்இ, எது வாட் என்பது தெளிவாகத் தெரியும். இந்தப் பழக்கம் மற்ற நேரங்களிலும் உங்களைக் காப்பாற்றும்.

5. பிரீடூம் போல்டரில் பிரீடூம்1, பிரீடூம்2 என இரண்டு வாட் பைல்கள் இருக்கும். முதலாவதை மட்டும் காப்பி செய்து, கிரிஸ்பி டூம் இஎக்ஸ்இ பைல் உள்ள போல்டரில் பேஸ்ட் செய்திடவும். வாட் பைலை நேரடியாக டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கும். அது கேசட்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

6. கிரிஸ்பி டூம் இஎக்ஸ்இ பைலை டபுள் கிளிக் செய்திடவும். எஞ்சின் தன் போல்டரில் உள்ள வாட் பைலைத் தானே கண்டுபிடித்து விளையாட்டைத் தொடங்கும்.

நீங்கள் டூம் விளையாட்டை முறையாக விலைக்கு வாங்கியிருந்தால், அதன் வாட் பைலையும் இதே போல வைத்து விளையாடலாம். ரசிகர்கள் உருவாக்கிய கூடுதல் வாட் பைல்களைப் போட்டுப் பார்க்க, அந்த பைலை மவுஸால் இழுத்து கிரிஸ்பி டூம் இஎக்ஸ்இ மீது விட்டால் போதும். டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவே 2019ல் சிஜில் என்ற புதிய எபிசோடை இலவசமாக வெளியிட்டார். ஆனால் அதற்கு விலைக்கு வாங்கிய டூம் டேட்டா தேவை.

எந்தக் கீ எதற்கு?

நடக்க, திரும்ப அம்புக்குறிக் கீகள். சுட கண்ட்ரோல். கதவு திறக்க ஸ்பேஸ் பார். ஓட ஷிப்ட் கீயைச் சேர்த்து அழுத்தவும். பக்கவாட்டில் நகர ஆல்ட் கீயுடன் அம்புக்குறி. ஆயுதம் மாற்ற எண் கீகள். வரைபடம் பார்க்க டேப். சேவ் செய்ய எப்2, சேவ் செய்ததைத் திறக்க எப்3, மெனுவுக்கு எஸ்கேப். இவற்றை மாற்ற விரும்பினால், அதே போல்டரில் செட்டப் என்ற பெயரோடு ஒரு புரோகிராம் இருக்கும். அதைத் திறந்து மாற்றிக் கொள்ளலாம்.

பழைய சிடி ஏன் ஓடுவதில்லை?

வீட்டில் பழைய கேம் சிடி வைத்திருப்பவர்கள், அதில் உள்ள இஎக்ஸ்இ பைலைக் கிளிக் செய்தால் "இது உங்கள் கம்ப்யூட்டரில் இயங்காது" என்ற பொருளில் ஒரு செய்தி வருகிறது என்பார்கள். சிடியில் கோளாறு இல்லை. அந்த புரோகிராம்கள் டாஸ் சிஸ்டத்துக்காக எழுதப்பட்டவை. இன்றைய 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம்களை இயக்கும் பகுதியே கிடையாது. இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, டாஸ்பாக்ஸ் என்ற இலவச புரோகிராம். அது உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய டாஸ் கம்ப்யூட்டரைப் போல நடிக்கும். மற்றொன்று, சோர்ஸ் கோடு கிடைத்த விளையாட்டாக இருந்தால், கிரிஸ்பி டூம் போன்ற புதிய எஞ்சின். சிடியில் உள்ள டேட்டா பைலை மட்டும் அதற்குக் கொடுத்தால் போதும்.

இவற்றைக் கவனியுங்கள்

* ஒரு கேமை டவுன்லோட் செய்யும் முன் அது மேலே சொன்ன நான்கில் எந்த வகை என்று கேளுங்கள். எதிலும் சேரவில்லை என்றால் அது திருட்டு நகலாகவே இருக்கும்.

* உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் செல்ல வேண்டாம். "டவுன்லோடரை முதலில் இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று எந்தத் தளமாவது சொன்னால் உடனே மூடிவிடுங்கள்.

* ஆன்ட்டி வைரஸ் புரோகிராமை நிறுத்தச் சொல்லும் கேம் உங்களுக்கு வேண்டாம்.

* இவற்றில் ரத்தமும் பயங்கர உருவங்களும் உண்டு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், பெரியவர் ஒருவர் முதலில் விளையாடிப் பார்த்து முடிவு செய்யவும்.

காசு மட்டும்தானா விஷயம்?

சோர்ஸ் கோடு கிடைத்தால் நமக்கென்ன, விளையாட்டு ஓடினால் போதாதா என்று கேட்கலாம். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

இன்டர்நெட்டில் விளையாடுபவர்களை ஒன்று சேர்க்கும் வேலையைப் பல கேம்களுக்கு கேம்ஸ்பை என்ற சேவைதான் செய்து வந்தது. 2014ல் அது மூடப்பட்டது. அதையே நம்பியிருந்த பல விளையாட்டுகளில், காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட ஆன்லைனில் விளையாட முடியாமல் நின்றார்கள். சோர்ஸ் கோடு கையில் இருந்தால், ஒரு சர்வர் போனாலும் ரசிகர்கள் வேறு சர்வரைத் தேடும்படி எஞ்சினைத் திருத்திக் கொள்ள முடியும்.

அடுத்தது நெக்ஸூயிஸ். குவேக் எஞ்சினிலிருந்து வளர்ந்த எஞ்சினில், 2005ல் தன்னார்வலர்கள் உருவாக்கிய இலவச விளையாட்டு இது. 2010ல் அந்தப் பெயர் ஒரு வணிக நிறுவனத்துக்குப் போனது. அதில் உழைத்தவர்களுக்குப் பெயர் போய்விட்டது, ஆனால் கோடு போகவில்லை. ஜிபிஎல் லைசென்ஸ் இருந்ததால் அதே கோடை எடுத்து சொனாட்டிக் என்று புதுப் பெயர் வைத்துத் தொடர்ந்தார்கள். இன்றும் அதை இலவசமாக டவுன்லோட் செய்து விளையாடலாம்.

பழைய விளையாட்டைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவது எளிது. ஆனால் ஏக்கத்தால் எந்த விளையாட்டும் பிழைத்திருப்பதில்லை. டாஸ் போனது, விண்டோஸ் பலமுறை மாறியது, இட் சாப்ட்வேரே இன்று மைக்ரோசாப்ட்டின் கையில் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் டூம் உங்கள் புது லேப்டாப்பில் ஓடுகிறது என்றால், 1997ல் ஒரு நிறுவனம் தன் கோடைப் பூட்டி வைக்காமல் வெளியே கொடுத்ததுதான் காரணம்.

இந்த வாரமே பிரீடூமை நிறுவி, முதல் லெவலை முடித்துப் பாருங்கள். அதன் பிறகு நேரம் கிடைத்தால், கிரிஸ்பி டூமின் சோர்ஸ் கோடு உள்ள பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சி மொழி படிக்கும் மாணவர் வீட்டில் இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளுங்கள். கதவைத் திறக்கும் வரி எங்கே இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து தேடலாம்.